அறுந்த தசைநாணும் மருத்துவத்தின் நான்கு கூறுகளும்

தசைநாணின் அமைப்பும் கையின் ஐந்து மண்டலங்களும் இம்மலரைப் படிக்கும் மருத்துவர்கள் அறுவை அரங்கில் நாளும் காண்பவை. அவற்றை விடுத்து, முன்னோர் வந்த வழியைச் சொல்வதே முறை.

தசைநாண்களையும் உள்ளடக்கிய ஸ்நாயுக்கள் தொள்ளாயிரம் என்று கணக்கிட்டார் சுசுருதர். எலும்பு, தசை, மூட்டு ஆகியவற்றுக்கு நேரும் ஊறுபாட்டைவிட ஸ்நாயுவுக்கு நேர்வதே கொடிது என்று தம் நூலின் சாரீர ஸ்தானத்தில் எச்சரித்தார். புண் தைக்கும் இழைகளில் சணல், மயிர் இவற்றோடு ஸ்நாயுவையும் சேர்த்தார். மேற்கிலோ தசைநாணில் நரம்பும் கலந்திருப்பதாகக் கருதிய கேலன், ஊசி பட்டால் வலிப்பு வரும் என்று அஞ்சித் தையலை விலக்கினார். அந்த அச்சம் பல நூற்றாண்டு நின்றது. தைக்கலாம் என்று துணிந்து சொன்ன பெருமை இப்னு சீனாவுக்கு (980–1037) உரியது.

சென்ற நூற்றாண்டிலும் ஓரிடம் மட்டும் வசப்படவில்லை. விரலின் அடியில், ஒரே குறுகிய உறைக்குள் இரண்டு நாண்கள் ஓடும் இரண்டாம் மண்டலம் அது. அங்கே தைத்தால் நாண் உறையோடு ஒட்டிக்கொள்ளும், விரல் மரத்துண்டாய் நிற்கும். அதனால் அதை எவருக்கும் உரிமையற்ற நிலம் என்றார் கை அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல். தோலை மட்டும் மூடிவிட்டுப் பின்னாளில் ஒட்டுநாண் வைக்கச் சொன்னார். அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஹரால்ட் கிளைனர்ட் அந்த விதியை உடைத்தார். உடனே தைத்து, நகத்தில் ரப்பர் பட்டை கட்டி, நோயாளி தானே விரலை நீட்ட, பட்டை அதை மடக்கும்படி செய்தார். 1967இல் அவர் காட்டிய முடிவுகளை முதலில் பலர் நம்பவில்லை.

மற்ற விரல்களைப் போலன்றிக் கட்டைவிரலின் நீள்மடக்கு நாண் தனிப்போக்குடையது. அறுந்ததும் மேல்முனை மணிக்கட்டு வரைகூடப் பின்வாங்கிவிடும். கிழிந்த இடத்தையே அகலப்படுத்தித் துழாவுவது பிழை. மணிக்கட்டில் சிறு கீறலிட்டு முனையைப் பிடித்து, குழந்தைகளுக்குப் பாலூட்டும் மெல்லிய குழாயில் கட்டி, நாண் ஓடும் சுரங்கத்தின் வழியே இழுக்க வேண்டும். நாணை எலும்போடு அணைத்து நிறுத்தும் சாய்ந்த கப்பியைக் காப்பது கடமை. நடுவே நான்கு அல்லது ஆறு இழைத் தையல், சுற்றிலும் 6-0 நூலில் ஓரத்தையல். கனடாவின் டொனால்ட் லலோண்ட் பரப்பிய முறையில் நோயாளி விழித்திருக்கிறார்; மேசையிலேயே விரலை மடக்கச் சொன்னால், இடைவெளி விழுகிறதா, தையல் கப்பியில் சிக்குகிறதா என்பதைக் கண்முன் பார்த்துத் திருத்தலாம்.

வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களுக்கு நாண்களை இடம்மாற்றி உயிர் தந்ததும், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் ஆர். வெங்கடசாமி கை அறுவைக்கெனத் தனித்துறை வளர்த்ததும் நம் மண்ணின் பெருமை.

மருந்து அதிகாரத்தின் நிறைவில் வள்ளுவர் மருத்துவனோடு நோயாளி, மருந்து, உடனிருந்து பேணுவோன் என நான்கையும் சமமாக வைத்தார். தசைநாணுக்கு இது எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். நாலைந்து நாளில் விரலை அசைக்கத் தொடங்குவிக்கும் பயிற்சியாளரே அந்தப் பேணுவோன். அவர் இல்லாவிட்டால் மிக நேர்த்தியான தையலும் ஒட்டிக்கொள்ளும். நோயாளி அவசரப்பட்டுக் குடம் தூக்கினால் அறுந்துபோகும். ஆறு வாரம் காப்புப் பட்டையும் பன்னிரண்டு வாரம் பொறுமையும் வேண்டும்.

இளைய மருத்துவர்களே, இரவில் கண்ணாடி கிழித்த கை வந்தால் தோலை மட்டும் தைத்து அனுப்பிவிடாதீர்கள். ஒவ்வொரு விரல் நுனியையும் தனித்தனியே மடக்கச் சொல்லிப் பாருங்கள். மடங்காவிட்டால் கழுவி மூடி, காலம் தாழ்த்தாமல் கை அறுவைப் பிரிவுக்கு அனுப்புங்கள். உங்கள் மருத்துவமனையில் பயிற்சியாளர் இடம் காலியாக இருந்தால், புதிய கருவி கேட்கும் முன் அந்த இடத்தை நிரப்பக் கேளுங்கள்.