வழி சொல்லும் புத்தகங்கள்

மலைச் சைக்கிள் பற்றி ஒரு பேங்க் ஆசாமி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பி.காம். படித்து, வரவு செலவு பார்த்து வயிறு வளர்க்கிறவன் நான். ஆனால் மஸ்கட்டில் குளிர்காலம் வந்தால் நம் பிள்ளைகள் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு வாடிகளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். (புதிதாக வந்தவர்களுக்கு: வாடி என்றால் மலையிடுக்கில் உள்ள வறண்ட ஆறு. 'வாடி, போடி' இல்லை.) பிள்ளைகளின் பைக்குள் ஒரு வழிகாட்டிப் புத்தகமும் போகிறது. அதைப் புரட்டியபோதுதான் இந்தப் பதிவுக்கு விஷயம் கிடைத்தது.

பாலையிலும் பள்ளத்தாக்கிலும் சைக்கிள் ஓட்டுவதற்குப் பேர்போன ஊர், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள மோவாப். 1950-களில் அங்கே யுரேனியம் தேடி மலையெல்லாம் மண் ரோடு போட்டார்கள். 1980-களில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. ரோடுகள் மட்டும் மிச்சம். அதே நேரத்தில் தடித்த டயர் போட்ட மவுண்டன் பைக் கடைகளுக்கு வந்துவிட்டதால், அந்த ரோடுகளுக்கு இரண்டாவது பிழைப்பு கிடைத்தது. ஸ்லிக்ராக் என்ற பாதை 1969-லேயே மோட்டார் சைக்கிள்காரர்களுக்காகப் போடப்பட்டது. மொட்டைப் பாறையில் தடம் பதியாது என்பதால் வெள்ளைப் பெயின்டில் கோடு போட்டு வைத்தார்கள். எஃப். ஏ. பார்ன்ஸ் என்பவர் அந்தப் பகுதிக்கு வரிசையாக வழிகாட்டி நூல்கள் எழுதினார். இப்படிப்பட்ட நூல்கள் எல்லாமே சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: எங்கே திரும்பணும், எங்கே தண்ணீர், எந்த மாதம் போகக்கூடாது.

இதை வாசித்தபோது, 'அட, இது நம்ம வீட்டுச் சரக்கு அல்லவா' என்று தோன்றியது.

பத்துப்பாட்டில் பத்தாவது, மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. உ.வே.சாமிநாதையர் 1889-ல் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்தார். நன்னனைப் பார்த்துப் பரிசு வாங்கப் போகும் கூத்தர் கூட்டத்துக்கு, பரிசு வாங்கித் திரும்புகிற ஒருவன் வழி சொல்கிறான். போகிற இடம் செங்கண்மா, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். இலக்கியம் என்று பயந்து ஒதுங்கியவர்கள் இதைச் சுத்தமான மலைப்பாதைக் கையேடாகப் படித்துப் பாருங்கள். காட்டுப் பன்றியைப் பிடிக்கப் பொறி வைத்திருக்கிறார்கள், இருட்டில் நடக்காதே, விடிந்தபின் போ என்கிறான். தினைக் காவல்காரன் யானையை விரட்டக் கவண்கல் எறிவான், மரத்தின் பின்னால் ஒதுங்கிக்கொள். வழுக்கும் இடத்தில் கொடியைப் பிடித்து இறங்கு. எந்த ஊரில் எவர் என்ன சோறு போடுவார் என்பதுகூட இருக்கிறது. இந்தக் காலத்துப் புத்தகங்களில் 'ஹோட்டல்' பக்கம் வருகிறதே, அதுதான்!

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. வழி பிரியும் இடம் வந்தால், நீ போன பக்கத்தைச் சரிபண்ணி, புல்லை முடிந்து போட்டுவிட்டுப் போ என்கிறான். பின்னால் வருகிறவன் புதியவன், அவன் தவறிவிடக்கூடாது. மோவாப் பாறையின் வெள்ளைக் கோடும், ஓமான் மலையில் ஆட்டுக்காரர்கள் கல்லின் மேல் கல் அடுக்கி வைப்பதும் இதே வேலைதான்.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையிலும் ஒரு வழிகாட்டி உண்டு. மாங்காட்டு மறையவன் கோவலனிடம், கொடும்பாளூர்க் குளக்கரையில் பாதை மூன்றாகப் பிரியும் என்று விளக்குகிறான். வலப்பக்க வழி வறண்ட பாலை. சிறுமலையை வலப்புறம் வைத்துப் போனால் மதுரை. இடப்பக்கம் திருமால் குன்றமும் மூன்று பொய்கைகளும். நடுவழியில் ஊரும் சோலையும் உண்டு, ஆனால் மயக்குகிற ஒரு தெய்வமும் உண்டு. அதற்கெல்லாம் முன்னால் அவன் சொல்வதுதான் முக்கியம்: பெண்ணையும் கூட்டிக்கொண்டு இந்தக் கோடையில் வந்துவிட்டாயே! முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து பாலையாகிவிடும் என்பது அந்தக் காதையில் வருவதுதான். அதாவது பாலை என்பது இடம் மட்டுமில்லை, பருவமும்கூட. வழிகாட்டி நூல் எழுதுகிறவர்கள் இதை முதல் பக்கத்தில் போடவேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக்கும் ஒரு வழி நூல் உண்டு. காஞ்சிரங்குளம், பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லாம் திருவிதாங்கூராக இருந்த காலத்தில், 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரண்டு லெப்டினன்ட்கள் நாடு முழுக்க அளந்து, ஆறு, ஊர், பாதை என்று எழுதி வைத்தார்கள். அதில் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே மாநில எல்லை கிடையாது. அது 1956 நவம்பர் 1-ல் வந்தது. கல்குளம், விளவங்கோடு உள்பட நான்கு தாலுகா தமிழ்ப் பக்கம் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. ஆனால் அந்தத் துரைமார் அளவுகோலை விட எங்கள் பாட்டா சொல்லும் வழிதான் எனக்குப் புரியும்: சுமைதாங்கிக் கல்லைத் தாண்டி, பலாமரத்துக்குக் கிழக்கே, அப்புறம் யாரிடமாவது கேளு மக்களே.

'கேளு' என்ற அந்தக் கடைசி வார்த்தை விளையாட்டில்லை. 2007 ஜூனில் கோனு புயல் ஓமானைத் தாக்கியபோது வாடிகளில் வெள்ளம் வந்து பாதைகளை அடித்துக்கொண்டு போயிற்று. அதற்கு முன்னால் அச்சான புத்தகத்தில் ரோடு இருந்த இடத்தில் அப்புறம் பாறாங்கல்தான். புயல் இல்லாவிட்டாலும், தூரத்து மலையில் மழை பெய்தால் போதும். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும், வாடியில் தண்ணீர் சுவர் மாதிரி வரும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் இப்படி உயிர்கள் போகின்றன, குழந்தைகள் உள்பட.

ஆகவே பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்களே, புத்தகத்தின் அச்சு வருடத்தைப் பாருங்கள். வானிலை அறிவிப்பைப் பாருங்கள். வாடியின் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் கிராமத்தில் வண்டியை நிறுத்தி, தாடி வைத்த பெரியவர் யாராவது இருந்தால் சலாம் சொல்லி மேலே மழை உண்டா என்று கேளுங்கள். உடைந்த அரபி போதும். காப்பியும் பேரீச்சம்பழமும் கொடுத்துத்தான் பதில் சொல்வார், அதற்கும் அரைமணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள் :)