மூளையைக் கழற்றிச் சோதிக்கும் கருவி

1970களில் நுண்செயலி வந்ததும் பழுது பார்ப்பவர்களுக்குத் தலைவலியும் கூடவே வந்தது. அதுவரை மின்னழுத்தத்தை அளந்தே கெட்ட பாகத்தைப் பிடித்துவிடுவார்கள். நுண்செயலி உள்ள பலகையிலோ ஒவ்வொரு தடத்திலும் 0, 1 என்று விநாடிக்குப் பல லட்சம் முறை மாறிக்கொண்டே இருக்கும். அலைகாட்டியில் பார்த்தால் நல்ல பலகை எது, கெட்டது எது என்றே தெரியாது.

1977இல் ஹியூலட் பேக்கர்ட் நிறுவனம் 5004ஏ என்ற கருவியை வெளியிட்டது. ஓரிடத்தில் ஓடும் பிட்டுகளை எல்லாம் 16 பிட் பதிவகத்தில் சுருக்கி, நான்கு எழுத்துக் 'கையொப்பமாக' அது காட்டும். கையேட்டில் உள்ள கையொப்பத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் கோளாறு அங்கேயோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. திரையில் 8, 0 என்ற எண்களோடு குழம்பும் எழுத்துகளை விட்டுவிட்டு எச், யு போன்றவற்றைச் சேர்த்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கையேடு இல்லாத பலகையில் இந்த வித்தை பலிக்காது.

1980களின் தொடக்கத்தில் வந்த ஃப்ளூக் 9010ஏ வேறு வழியில் போனது. பலகையின் நுண்செயலியைக் கழற்றி, அந்தக் குழியில் இந்தக் கருவியைச் செருக வேண்டும். இப்போது பலகைக்கு இதுதான் மூளை. நினைவகத்தில் எழுதிப் படித்து, எந்தத் தடம் அறுந்தது, எது இன்னொன்றோடு ஒட்டியது என்று சொல்லிவிடும். நல்ல பலகை ஒன்றைக் கொடுத்தால் அதன் நினைவக அமைப்பைத் தானே கற்றுக்கொள்ளும்.

பழைய வீடியோ கேம் பலகைகளைக் காப்பாற்றும் ஆர்வலர்கள் பின்னாளில் இதே வேலையை அர்டுயினோ மெகா 2560இல் செய்தார்கள். 5 வோல்ட்டில் ஓடும் மைக்ரோகண்ட்ரோலர், 54 டிஜிட்டல் கால்கள். இசட்80 சில்லுக்கு மொத்தமே 40 கால்கள்தான். பழைய சில்லுகளுக்கும் அதே 5 வோல்ட் என்பதால் இடையில் வேறு சுற்று தேவைப்படாது.

ஒரு பொறி மட்டும் உண்டு. 4116 போன்ற டைனமிக் நினைவகச் சில்லின் 128 வரிசைகளையும் 2 மில்லி விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். பல பலகைகளில் அந்த வேலையைச் செய்வது இசட்80தான்; கழற்றி வைத்திருப்பதும் அதைத்தான்! நிரலில் இதைச் சேர்க்க மறந்தால் கருவி நல்ல சில்லையும் கெட்டது என்று சொல்லிவிடும். அதை நம்பி ஈயத்தை உருக்கிச் சில்லைப் பிடுங்கினால், 40 ஆண்டுப் பலகையின் செம்புத் தடமும் சேர்ந்து பெயர்ந்து வரலாம். இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்து உண்மையான நோயை வரவழைத்த கதைதான். ஆகவே கருவியைக் கட்டி முடித்ததும் முதலில் நன்றாக ஓடும் பலகை ஒன்றில் மாட்டி, அந்தக் கருவியையே சோதிக்க வேண்டும்.