"பார்த்தாலே தெரியுது, தாங்கும்": மேடை விளக்குகளை ஏன் முதலில் கணினியில் தொங்கவிட வேண்டும்?

பேராக், சுங்கை சிப்புட் பக்கம் இருக்கும் பழைய ரப்பர் தோட்டங்களில் இப்போது கண்ணுக்கு எட்டிய தூரம்வரை செம்பனைதான். லயன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் பலர் ஈப்போவுக்கும் பக்கத்துத் தாமான்களுக்கும் குடிபோய்விட்டார்கள். ஆனால் தோட்டத்துக் கோயிலில் திருவிழா என்றால் திரும்பி வருகிறார்கள். சாமி ஊர்வலம் முடிந்ததும் திடலில் கலைநிகழ்ச்சி. பிள்ளைகளின் நடனம், பாட்டு, லக்கி டிரா.

ஒரு காலத்தில் அந்த மேடைக்கு நாலு டியூப் லைட்டும், கலர் பேப்பர் ஒட்டிய பல்புகளும் போதும். இன்று அதே திடலில் அலுமினிய டிரஸ், மூவிங் ஹெட் விளக்குகள், எல்இடி திரை, புகை மெஷின் எல்லாம் வந்துவிட்டன. பிள்ளைகள் ஆடும் இடத்துக்கு மேலே சில நூறு கிலோ தொங்குகிறது. அதைத் தொங்கவிடலாமா என்ற முடிவு மட்டும் சில இடங்களில் இன்னும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: "பார்த்தாலே தெரியுது தம்பி, தாங்கும்."

உண்மையில், பார்த்தால் தெரியாது. ஏன் தெரியாது, அதைக் கணினி வரைபடம் எப்படிக் காட்டிக் கொடுக்கிறது என்பதைப் பார்ப்போம்.

ரிக்கிங் என்றால் என்ன?

விளக்கு, ஒலிபெருக்கி, திரை ஆகியவற்றை மேடைக்கு மேலே தூக்கி, பத்திரமாகத் தொங்கவிடும் வேலைதான் ரிக்கிங். டிரஸ் என்பது ஏணிபோல் பின்னிய அலுமினியச் சட்டம். அதைச் செயின் மோட்டார் மேலே தூக்கும். மோட்டார் ஒன்று கூரையின் இரும்பு உத்தரத்தில் தொங்கும், அல்லது தரையில் நிறுத்திய கோபுரத்தின் மேல் இருக்கும். ஒவ்வொரு விளக்கையும் ஒரு கிளாம்ப் டிரஸ்ஸோடு பிடித்திருக்கும். கிளாம்ப் கழன்றால்கூட விளக்கு தலையில் விழாமல் இருக்க, தனியாக ஒரு சேஃப்டி கேபிளும் கட்ட வேண்டும்.

விளக்கு வடிவமைப்பாளர் அழகைப் பார்ப்பார், ரிக்கர் எடையைப் பார்ப்பார். இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். அந்தப் படத்துக்குப் பெயர் லைட் பிளாட்.

எந்த மென்பொருள்?

முன்பு லைட் பிளாட்டைப் பெரிய தாளில், விளக்கு வடிவம் வெட்டிய பிளாஸ்டிக் அச்சை வைத்துக் கையால் வரைந்தார்கள். ஒரு விளக்கை இடம் மாற்றினால் எடைக் கணக்கு, மின்சாரக் கணக்கு, விளக்குப் பட்டியல் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தாலும் தவறுதான்.

1982இல் ஆட்டோகேட் வந்தது. 1985இல் மினிகேட் வந்தது. அதுதான் பிறகு வெக்டர்வொர்க்ஸ் ஆனது. அதன் ஸ்பாட்லைட் பதிப்பு நிகழ்ச்சித் துறைக்கென்றே உருவானது. கனடாவின் கேஸ்ட் நிறுவனம் 1994இல் வெளியிட்ட விசிவிக், விளக்கு எரிந்தால் மேடை எப்படி இருக்கும் என்பதைத் திரையிலேயே காட்டியது. இன்று கேப்சர், டெபென்ஸ் என்று வேறு மென்பொருள்களும் இருக்கின்றன.

இவற்றில் வரையும் விளக்கு வெறும் வட்டமும் சதுரமும் இல்லை. அதற்குள்ளே எடை, மின்திறன், ஒளிக்கற்றையின் கோணம், எத்தனை சேனல் என்று எல்லாத் தகவலும் இருக்கும். விளக்கை இழுத்து வேறு இடத்தில் போட்டால் கணக்கும் கூடவே மாறும். கையால் வரைந்த படத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

முதலில் டேப், பிறகு மவுஸ்

படம் கணினியில் தொடங்குவதில்லை. இடத்தை அளப்பதில்தான் தொடங்குகிறது. பேராக்கில் மூன்று வகை இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஈப்போ நகர மண்டபம். கட்டி முடித்தது 1916இல். கூரையில் டிரஸ் தொங்கவிடும் தேவையே இல்லாத காலம் அது. இப்படிப்பட்ட பாரம்பரியக் கட்டடங்களில் கூரையை நம்பாமல், தரையில் நிற்கும் கோபுரங்களை வைத்தே படம் வரைவதுதான் பாதுகாப்பு.

இரண்டாவது, இந்திரா மூலியா போன்ற உள்ளரங்கம். இங்கே கேட்க வேண்டியது: எந்த உத்தரம், எந்தப் புள்ளியில், எத்தனை கிலோ தாங்கும்? பதில் வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் வர வேண்டும்.

மூன்றாவது, தோட்டத்துத் திடல். இதற்கு எந்தப் பிளானும் இருக்காது. நீங்களேதான் அளக்க வேண்டும். தரை சமமா, மழை பெய்தால் எங்கே சேறாகும், லாரி எதுவரை வரும், மேலே மின்கம்பி போகிறதா, ஜெனரேட்டர் எங்கே நிற்கும். இதெல்லாம் படத்தில் ஏற வேண்டும்.

அளவுகள் ஏறிய பிறகுதான் விளக்குகள். உதாரணத்துக்கு, 25 டிகிரி கோணமுள்ள விளக்கு 8 மீட்டர் தூரத்தில் சுமார் 3.5 மீட்டர் அகல வட்டத்தைத் தரும். 10 மீட்டர் அகல மேடைக்கு முன்பக்கம் மூன்று விளக்கு போட்டால் வட்டங்கள் விளிம்பில் ஒன்றையொன்று தொடும் அளவுக்குத்தான் வரும், நடுவில் இருட்டு விழும். நான்கு வேண்டும் என்பது படத்திலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது மோட்டார் செய்யும் வேலை

இப்போது முக்கியமான கணக்கு. கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

12 மீட்டர் டிரஸ் ஒன்று. மீட்டருக்கு 8 கிலோ என்றால் 96 கிலோ. மூவிங் ஹெட் 12, ஒவ்வொன்றும் 25 கிலோ: 300 கிலோ. எல்இடி பார் லைட் 12, ஒவ்வொன்றும் 6 கிலோ: 72 கிலோ. 24 விளக்குக்கும் கிளாம்ப், சேஃப்டி கேபிள்: 24 கிலோ. ஒயர்கள்: 48 கிலோ. மொத்தம் 540 கிலோ. எல்லாம் டிரஸ்ஸின் நீளத்துக்குச் சமமாகப் பரவியிருப்பதாக வைத்துக்கொள்வோம். நம்மிடம் இருப்பது 250 கிலோ தூக்கும் மோட்டார்கள்.

இரண்டு முனையிலும் ஒவ்வொரு மோட்டார் போட்டால் தலைக்கு 270 கிலோ. தாங்காது. "சரி, பாதுகாப்புக்கு நடுவுல இன்னொண்ணு போட்டுடலாம். 540ஐ மூணால வகுத்தா 180தானே?" என்று யாராவது சொல்வார்கள். கேட்கும்போது சரியாகத்தான் படும்.

ஆனால் எடை அப்படிப் பிரிவதில்லை. முனையில் உள்ள மோட்டாருக்கு ஒரு பக்கத்து எடைதான். நடுவில் உள்ளதற்கு இரண்டு பக்கத்து எடையும். மேலும் டிரஸ் நடுவில் முறியாமல் ஒரே துண்டாகத் தொடர்வதால், நடுப்புள்ளியின் பங்கு பாதியையும் தாண்டுகிறது. சம தூரத்தில் மூன்று புள்ளி, சமமாகப் பரவிய எடை என்றால், நடு மோட்டாருக்கு மொத்தத்தில் 62.5 விழுக்காடு போகும். அதாவது 337.5 கிலோ. முனைகளுக்குத் தலா சுமார் 101 கிலோதான்.

பாதுகாப்புக்கென்று சேர்த்த மோட்டார்தான் இப்போது அதிக ஆபத்தில் இருக்கிறது. தூக்கும்போது நடு மோட்டார் கொஞ்சம் பின்தங்கிச் செயின் தளர்ந்தால், கதை தலைகீழ்: எடை முழுவதும் முனைகளுக்குப் போய் மறுபடியும் தலா 270 கிலோ. தரையில் நின்று பார்ப்பவருக்கு டிரஸ் நேராகத்தான் தெரியும்.

வெக்டர்வொர்க்ஸில் உள்ள பிரேஸ்வொர்க்ஸ் போன்ற கருவிகள் இந்தக் கணக்கைத்தான் போடுகின்றன. எந்தப் புள்ளி அளவை மீறுகிறது என்று திரையில் காட்டும். அப்போது எடையைக் குறைக்கலாம், பெரிய மோட்டார் கேட்கலாம், புள்ளிகளை மாற்றலாம். இதெல்லாம் லாரி கிளம்புவதற்கு முன்பே நடந்துவிடும்.

கரண்டும் சேனலும்

அதே மேடைக்கு மின்சாரம் எவ்வளவு? மூவிங் ஹெட் தலா 400 வாட், பார் லைட் தலா 150 வாட் என்றால் மொத்தம் 6,600 வாட். மலேசியாவின் 230 வோல்ட்டுக்கு இது சுமார் 29 ஆம்பியர். வீட்டில் உள்ள 13 ஆம்பியர் பிளக் அதிகபட்சம் 2,990 வாட்தான் தரும். கோயில் அலுவலக அறையிலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்துச் சமாளிக்க முடியாது என்பது கணக்கிலேயே தெரிகிறது. மூன்று ஃபேஸுக்கும் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 10 ஆம்பியருக்குள் அடங்கிவிடும்.

பழைய 1,000 வாட் பார் விளக்குகளாக இருந்தால் 12க்கே 52 ஆம்பியர் வேண்டும். எல்இடி வந்த பிறகு மின்சாரச் சுமை குறைந்திருக்கிறது. ஆனால் மூவிங் ஹெட்டும் திரையும் சேர்ந்ததால் எடைச் சுமை ஏறியிருக்கிறது.

விளக்குகளை இயக்குவது டிஎம்எக்ஸ் 512 என்ற முறை. 1986இல் உருவானது. ஒரு யூனிவர்ஸில் 512 சேனல். மூவிங் ஹெட்டுக்கு 32 சேனல், பார் லைட்டுக்கு 8 என்றால், நம் மேடைக்கு 480 போய்விடும். மிச்சம் 32. இன்னும் ஒரே ஒரு மூவிங் ஹெட்டுக்குத்தான் இடம். இதையும் மென்பொருள் தானாகவே கணக்கு வைத்துக்கொள்ளும்.

படம் பொய் சொல்லுமா?

சொல்லாது. ஆனால் நாம் பொய் எண் கொடுத்தால் அதையே நம்பும்.

2022 ஜூலை 28. ஹாங்காங் கோலிசியத்தில் மிரர் குழுவின் இசை நிகழ்ச்சி. மேலே தொங்கிய எல்இடி திரை ஒன்று நடனக் கலைஞர்கள் மீது விழுந்தது. ஒருவர் மிக மோசமாகக் காயமடைந்தார். திரையைத் தாங்கிய கம்பிவடம் அறுந்திருந்தது. மேடைக் கருவிகளின் உண்மையான எடை, தாளில் காட்டியதைவிட அதிகம் என்பதும் விசாரணையில் தெரியவந்தது. எடை தவறாக இருந்தால், எவ்வளவு அழகான வரைபடமும் பயன்படாது.

இன்னொரு பாடம் திறந்தவெளிக்கு. 2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில், புயலுக்கு முன் வீசிய பலத்த காற்றில் மேடைக் கூரை சாய்ந்து 7 பேர் உயிரிழந்தனர். எடை கீழ்நோக்கி மட்டும் இழுக்கும், காற்று பக்கவாட்டில் தள்ளும். மாலையில் திடீரென்று இடிமழை இறங்கும் கிந்தா பள்ளத்தாக்கில், தோட்டத்துத் திடலில் மேடை போடுபவர்கள் இதை மறக்கக் கூடாது. பின்னால் கட்டும் பேனர்கூடப் பாய்மரம் மாதிரிதான். எந்தக் காற்று வேகத்தில் டிரஸ்ஸை இறக்குவது, யார் முடிவெடுப்பது என்பதைப் படத்தோடு சேர்த்தே எழுதி வைக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி முதலாளி மட்டுமல்ல, சுயமாக வேலை செய்பவரும் ஆபத்து மதிப்பீடு செய்ய வேண்டும். ஃப்ரீலான்சராக லைட் போடப் போகும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும்.

உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதைச் சரிசெய்யாவிட்டால், தொழிலாளர் அந்த இடத்தைவிட்டு விலகவும் உரிமை உண்டு. "அண்ணே, இந்த மோட்டார் ஓவர்லோட்" என்று சொல்ல 19 வயதுப் பையனுக்குத் தயக்கமாக இருக்கலாம். கையில் கணக்கோடு ஒரு படம் இருந்தால் சொல்வது கொஞ்சம் சுலபம்.

காசு இல்லாமல் தொடங்க முடியுமா?

முடியும். ஆட்டோகேட், வெக்டர்வொர்க்ஸ் இரண்டுக்கும் மாணவர்களுக்கான இலவச உரிமம் இருக்கிறது. கிராண்ட்எம்ஏ3 ஆன்பிசி மென்பொருளை இலவசமாகப் பதிவிறக்கி, கன்சோல் இல்லாமலேயே திரையில் விளக்குகளை ஓட்டிப் பழகலாம். பிளெண்டருக்கான பிளெண்டர்டிஎம்எக்ஸ் முழுக்கத் திறந்த மூல மென்பொருள். ஜிடிடிஎஃப், எம்விஆர் என்ற பொதுக் கோப்பு வடிவங்கள் இருப்பதால், ஒன்றில் வரைந்ததை இன்னொன்றில் திறக்கவும் முடியும். ஈப்போவின் உங்கு ஓமார் பாலிடெக்னிக் போன்ற இடங்களில் கட்டுமானமோ மின்னியலோ படிப்பவர்களுக்கு வரைபட அடிப்படை ஏற்கெனவே கையில் இருக்கும்.

ஒன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் தெரிந்ததால் யாரும் பொறியாளர் ஆகிவிடுவதில்லை. தலைக்கு மேலே எடை தொங்கும் எந்த ஏற்பாட்டையும் தகுதிபெற்ற ஒருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

அடுத்த முறை வேலைக்குக் கூப்பிட்டால்

டிரஸ்ஸைத் தூக்கும் முன் இந்த நான்கையும் கேளுங்கள்:

மொத்த எடை எவ்வளவு, அதை யார் கணக்குப் போட்டது?

ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை கிலோ? மொத்தத்தை வெறுமனே வகுத்த எண்ணா?

ஒவ்வொரு விளக்குக்கும் சேஃப்டி கேபிள் இருக்கிறதா?

காற்றும் மழையும் வந்தால் நிறுத்தச் சொல்வது யார்?

பதில் தாளில் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். "பார்த்தாலே தெரியுது" என்பதுதான் பதில் என்றால், டிரஸ் தரையிலேயே இருக்கட்டும்.