கண்வலி விதை போகும் தூரம்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் தாண்டி மூலனூர்ப் பக்கம் போனால், ஐப்பசி வாக்கில் கம்பிப் பந்தல்களில் செங்காந்தள் பூத்திருக்கும். ஊருக்கு அது மாநில மலர். தோட்டத்துக்காரர்களுக்குக் கண்வலி, பணப்பயிர். ஆடிப் பட்டத்தில் ஊன்றிய கிழங்கிலிருந்து கிளம்பும் கொடி, இலை நுனியைச் சுருட்டிப் பந்தலைப் பற்றி ஏறும். பூவின் சூல்தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால், மகரந்தம் தானாகச் சேருவது அரிது. அதனால் காலையில் ஆட்கள் இறங்கி ஒவ்வொரு பூவாகத் தொட்டுத் தடவிவிடுகிறார்கள். பிறகு காய் பறித்து, உலர்த்தி, விதை பிரித்து வியாபாரிக்குப் போடுகிறார்கள்.

விதையில் இருப்பது கோல்சிசின். எடையில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அளவோடு கொடுத்தால் கவுட் மூட்டுவலிக்கு மருந்து. அளவு மீறினால் உயிரை எடுக்கும். கிழங்கு கருவைக் கலைக்கும் என்பதும் பழைய வைத்தியத்துக்குத் தெரியும்.

செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் நுண்ணிழைகள் உருவாகாமல் கோல்சிசின் தடுக்கும். பிரிதல் பாதியில் நிற்கும். குரோமோசோம்களை எண்ண அதுதான் தோதான நேரம். 1955 டிசம்பரில் சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோ இப்படி நிறுத்திய மனித செல்களில் 46 எண்ணினார். அதுவரை 48 என்றே பாடம் நடந்தது. ஆல்பர்ட் லெவனும் அவரும் 1956இல் அதை வெளியிட்டார்கள்.

கரு இரண்டு மூன்று தடவை கலைந்த தம்பதிக்கு டாக்டர் எழுதும் கேரியோடைப் பரிசோதனை அதே வழியில்தான் நடக்கிறது. பச்சை மூடிக் குழாயில் வரும் ரத்தத்தின் வெள்ளணுக்களை 37 டிகிரி சூட்டில் மூன்று நாள் வளர்க்கிறார்கள். கடைசியில் கோல்சிசினையோ அதன் உறவான கோல்செமிடையோ சேர்த்து நிறுத்துகிறார்கள். செல்களை உப்பவைத்துக் கண்ணாடித் தகட்டில் சொட்டவிட்டுச் சாயமேற்றினால், குரோமோசோம்கள் வரிவரியாகத் தெரியும்.

இப்படிப்பட்ட தம்பதிகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து ஜோடிகளில், ஒருவரிடம் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருக்கும். மொத்தச் சொத்து குறையவில்லை, பாகம் பிரிக்கும்போதுதான் வில்லங்கம் என்பதுபோல, அவர் நல்ல சுகமாகவே இருப்பார். விந்தணுவிலோ கருமுட்டையிலோ பங்கு பிரியும்போது ஒரு துண்டு கூடும், இன்னொன்று குறையும். அந்தக் கரு பெரும்பாலும் தங்காது.

எல்லோருக்கும் விடை இதில் கிடைக்காது. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறையப் பாதியில் குரோமோசோம் பிழை உண்டு. அதில் பெரும்பகுதி அந்தக் கருவில் புதிதாக நேர்ந்தது, பெற்றோர் ரத்தத்தில் தெரியாது. கலைந்த திசுவையும் சோதிக்கச் சொல்வது அதனால்தான். இடமாற்றம் இருந்தாலும் பலருக்குத் தானாகவே நல்ல குழந்தை பிறக்கிறது; யாருக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை மரபணு ஆலோசகர் கணக்கிட்டுச் சொல்வார்.

துண்டு இடம் மாறியிருப்பது புருசனிடமும் இருக்கலாம். "மருமக உடம்புலதான் ஏதோ கோளாறு" என்று தீர்ப்பெழுதும் வீடுகள் இன்னும் உண்டு. ரத்தம் கொடுக்க அவளை மட்டும் அனுப்பினால் நடப்பது பாதிச் சோதனைதான்.