சமையல் எரிவாயுக் கசிவை அறிதல்

இந்திய வீடுகளுக்கு சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு, புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இரண்டுக்கும் நிறமில்லை, மூக்கை எட்டும் மணமும் இல்லை. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் ஊர்ப் பள்ளியில் 1937 மார்ச் 18 அன்று மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து வெடித்ததில் ஏறத்தாழ 300 பேர் மாண்டனர், பெரும்பாலோர் பிள்ளைகள். எரிவாயுவுக்கு மணமூட்டுவதை அம்மாநிலம் சட்டமாக்கியது அதன் பிறகுதான்.

மூக்கு நல்ல காவல், ஆனால் முழுக்காவல் அன்று. சளி பிடித்தவருக்கும் முதியவருக்கும் நாற்றம் எட்டாமல் போகலாம். கசிவுள்ள அறையிலேயே இருப்பவருக்குச் சற்று நேரத்தில் மூக்கு மரத்துவிடும். வெளியிலிருந்து வந்தவர் “கேஸ் வாடை வருதே” என்றால் அவர் சொல்லையே நம்பவேண்டும்.

புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, பியூட்டேன் இரு மடங்கு. அதனால் கசிந்த வாயு தரையோடு பரவி, மேடைக்கு அடியில் தேங்கும். காற்றில் 2 சதவீத அளவு கலந்தாலே பற்றிக்கொள்ளும். இரவு முழுக்க அடைத்துக் கிடந்த சமையலறையில் விடியற்காலை விளக்கைப் போடுவது பேராபத்தாவது இதனால்தான்: சுவிட்சுக்குள் எழும் சிறு பொறியே போதும். சுவிட்சை அணைத்தாலும் பொறி எழும். எனவே வாடை பலமாக இருந்தால் விளக்கு, எக்சாஸ்ட் விசிறி எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவைத்து, எல்லோரும் வெளியேறவேண்டும். 24 மணி நேர அவசர உதவி எண் 1906. வெளியே போனபின் அழைக்கவேண்டும்.

லேசான ஐயம் மட்டும் இருந்தால் சோப்பு நுரை கைகொடுக்கும். அடுப்பின் குமிழ்களை மூடி, ரெகுலேட்டரைத் திறந்து, ரப்பர் குழாயின் இரு முனைகளிலும் ரெகுலேட்டர் பொருந்தும் இடத்திலும் நுரையைத் தடவவேண்டும். குமிழி பெருத்தால் கசிவு அங்கேதான். புது சிலிண்டரின் மூடியைக் கழற்றியதும் வால்வின் வாயில் சிறிது தண்ணீர் விட்டுப் பார்ப்பதும் உண்டு. குமிழி வந்தால் மூடியைத் திரும்பப் போட்டு, சிலிண்டரைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோகவேண்டும். தீக்குச்சி கிழித்துச் சோதிப்பது கொலைக்கு ஒப்பான வழக்கம்.

கசிவறி கருவியைத் தரையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று மேலே பொருத்தவேண்டும். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவுக்கு இது பொருந்தாது: அது பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட லேசானது, அதற்கான கருவியின் இடம் கூரையை ஒட்டிய சுவர்.