அரைக்கோளம்: வரைபடத்தில் மட்டும் இருக்கும் சொல் அல்ல



'அரைக்கோளம்' என்றதும் புவியியல் பரீட்சை ஞாபகம் வரும். அரை, கோளம் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. சாத்துக்குடியைக் குறுக்கே வெட்டினால் கிடைக்கும் பாதி. பூமியை நிலநடுக்கோடு அப்படித்தான் பிரிக்கிறது. நம் சென்னை அதற்கு வடக்கே 13 டிகிரியில், வட அரைக்கோளத்தில் இருக்கிறது.

இந்தச் சொல்லுக்கும் காசிமேட்டுக்கும் சம்பந்தம் உண்டு.

கப்பல் கேப்டனாக இருந்து கல்கத்தாவில் குடியேறியவர் ஹென்றி பிடிங்டன். புயலில் சிக்கிய கப்பல்களின் குறிப்பேடுகளைத் திரட்டி ஆராய்ந்தார். 1848இல் மாலுமிகளுக்காக எழுதிய நூலில் 'சைக்ளோன்' என்ற சொல்லை உருவாக்கினார். சுருண்ட பாம்பை நினைவூட்டும் கிரேக்க வேர் அதற்கு. கடல் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்க, கொம்பில் செய்த இரண்டு கண்ணாடி போன்ற அட்டைகளும் தந்தார். ஏன் இரண்டு? அரைக்கோளத்துக்கு ஒன்று!

பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் காற்று வலப்பக்கம் விலகுகிறது. அதனால் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. தென் அரைக்கோளத்தில் வலஞ்சுழி. அட்டை மாறினால் கப்பல் புயலின் நடுவிலேயே போய் நிற்கும்.

1857இல் டச்சுக்காரர் பைஸ் பாலட் ஓர் எளிய விதி சொன்னார். வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், புயலின் மையம் இடக்கைப் பக்கம் இருக்கும். வடக்கிலிருந்து பலமாக வீசினால் இடக்கை காட்டுவது கிழக்கே, கடலை. புயல் இன்னும் கரைக்கு வரவில்லை. தெற்கிலிருந்து வீசினால் இடக்கை மேற்கைக் காட்டும். மையம் ஊருக்குள் போய்விட்டது.

2016 டிசம்பர் 12, வர்தா புயலை நினைத்துப் பாருங்கள். முதலில் வடக்கத்திக் காற்று. நடுவில் ஓர் அமைதி. பிறகு தெற்கிலிருந்து திரும்ப அடித்தது. அந்த அமைதிதான் புயலின் கண். "காற்று விட்டுடுச்சு" என்று படகைப் பார்க்க ஓடுபவருக்கு அதுதான் மிகப் பெரிய ஆபத்து. பாதிப் புயல் இன்னும் பாக்கி இருக்கிறது; அதுவும் எதிர்த்திசையில் வரும்.

1876இல் கட்டத் தொடங்கிய நம் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களையே 1881 நவம்பர் புயல் சிதைத்தது. கல்லுக்கே அந்தக் கதி என்றால் ஃபைபர் படகு எம்மாத்திரம்?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூரில் இருக்கும் பிள்ளைகளே, இந்த இடக்கை விதியை உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு ஒருமுறை நிற்கவைத்துக் காட்டுங்கள். அரசு எச்சரிக்கையை விலக்கும்வரை கடற்கரைப் பக்கம் யாரும் போக வேண்டாம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.