வாடகை வீட்டில் வாழ்ந்த மகாகவி

திருப்பெரும்புதூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கிழக்கே, சென்னைத் திருவல்லிக்கேணியின் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் இல்லம் அமைந்துள்ளது. ஆங்கில அரசின் அடக்குமுறைக்கு அகப்படாது 1908-இல் பிரெஞ்சுப் புதுவைக்குச் சென்ற பாரதியார், 1918 வரை அங்கே வாழ்ந்தார். பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் அவ்வூரில் பிறந்தவை. பின்னர் 'சுதேசமித்திரன்' பணிக்கென மீண்டும் சென்னை வந்தவர், இவ்வீட்டில் குடியிருந்து 1921 செப்டம்பரில், தம் 38ஆம் அகவையில் மறைந்தார். தமிழக அரசு 1993-இல் இதனை நினைவில்லமாக்கியது.

இங்குள்ள புகைப்படங்களைக் கண்டு வெளிவருவோர் நெஞ்சில் ஓர் உண்மை உறுத்தும். பராசக்தியிடம் காணி நிலமும் மாளிகையும் வேண்டிய கவிஞர், வாடகைக் குடியிருப்பிலேயே கண்மூடினார். அவர் பெயர் இவ்வீட்டிற்கு வாய்க்க 72 ஆண்டுகள் ஆயின.

இன்று திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளை நம்பி வந்த இளைஞர் பலர் வாடகை அறைகளில் வாழ்கின்றனர். இரவுப்பணி முடித்துக் கவிதை எழுதுவோரும் அவர்களுள் இருத்தல் கூடும். மறைந்தபின் இல்லம் எழுப்புவது அரசுக்கு இயலும். வாழும் நாளிலேயே அத்தகையோரைத் தேடிச்சென்று செவிமடுப்பது, பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டத்தின் கடனாகும்.